டிரெஸ்ஸிங் ரூமில் நடப்பதற்கு யார் பொறுப்பு? முதல் முறை ஹெட் கோச் ஆகிறவருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூர்த் தமிழர்களுக்கு ஃபுட்பால் புதிதல்ல. பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கௌதமபுரத்திலும், ஆஸ்டின் டவுனிலும், மர்ஃபி டவுனிலும் அப்பா, சித்தப்பா, மகன் என்று வரிசையாக ஆடிய வீடுகள் இருக்கின்றன. அப்படியொரு இடத்திலிருந்து வந்து, ஆடி ஓய்ந்து, கோச்சிங்கின் ஆரம்பப் படியான டி லைசென்ஸில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, இப்போது முதல் முறையாக ஒரு புரொஃபஷனல் அணிக்கு ஹெட் கோச் ஆகப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். பிரெஸ்ஸிங், செட் பீஸ் போன்ற ஆட்டத் தந்திரங்கள் எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அணிக்குள் ஒரு சீனியர் ஒரு ஜூனியரைத் தினமும் வதைத்துக்கொண்டிருந்தால் உங்கள் வேலை என்ன என்பதுதான் இங்கே விஷயம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்து நடந்தால் நீங்கள் பொறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தெரியாமல் நடந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு. யாருக்குத் தொடையில் பிடிப்பு, யார் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்கிற ஆள், யார் யாரைக் கண்டு பயப்படுகிறான் என்பதையும் தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்யத்தான் வேண்டும்.

முதலில் மியாமி கதை

இது நம் ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஆனாலும் ஒரு புரொஃபஷனல் அணிக்குள் டார்ச்சர் எப்படி வளர்கிறது, கோச் எங்கே கோட்டை விடுகிறார் என்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பதிவு செய்த விவகாரம் என்பதால் புதிய கோச்சுகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மியாமி டால்ஃபின்ஸ் அணியின் ஜொனதன் மார்ட்டின் 2013 அக்டோபர் 28 அன்று அணியை விட்டு வெளியேறினார். அன்று அவர் சாப்பாட்டுத் தட்டுடன் வந்து உட்கார்ந்ததும், மேசையில் இருந்த சக வீரர்கள் மொத்தமாக எழுந்து போய்விட்டார்கள். அதற்கு முன்பே நீண்ட காலம் நிறம், குடும்பம் பற்றிய வசை, அம்மா, சகோதரியைப் பற்றிய ஆபாசம் எல்லாம் நடந்திருந்தன. முன்னணியில் இருந்தவர் ரிச்சி இன்காக்னிட்டோ என்ற சீனியர். அணி அவரை ஒரு வாரத்துக்குள் சஸ்பெண்ட் செய்தது. லீக் நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் 2014 பிப்ரவரியில் 144 பக்க அறிக்கை கொடுத்தார்.

அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. இன்காக்னிட்டோ அணியின் வீரர் தலைமைக் குழுவில் இருந்தவர். அதாவது வதைத்தவரே பொறுப்பான சீனியர். மார்ட்டினும் அவரும் இருந்த பிரிவின் வீரர்கள் ஒரு அபராத நோட்டு வைத்திருந்தார்கள். மார்ட்டின் வெளியேறிய பிறகு அவரை ‘உடைத்ததற்கு’ என்று இன்காக்னிட்டோ தன் பெயரிலேயே 200 டாலர் அபராதம் எழுதிக்கொண்டார். சக வீரரைக் காட்டிக்கொடுப்பவனை ‘ஜூடாஸ்’ (இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்) என்று அழைப்பதும், அதற்கும் அபராதம் போடுவதும் வழக்கமாக இருந்தது. புகார் ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். அந்தப் பிரிவின் உதவிப் பயிற்சியாளர் ஜிம் டர்னருக்கு இதில் நிறையவே தெரிந்திருந்தது, சிலவற்றில் அவரும் சேர்ந்துகொண்டார். அறிக்கை வெளியான சில நாட்களில் அவரையும் அணியின் தலைமை டிரெய்னரையும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஹெட் கோச் ஜோ ஃபில்பினுக்கு இது தெரியாது என்றே அறிக்கை சொன்னது. அவர் பதவி தப்பியது. அறிக்கை அவரிடம் தாராளமாக நடந்துகொண்டது என்பது என் கருத்து. அவருடைய பயிற்சிக் குழுவில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, டிரெய்னருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு பிரிவு முழுக்கத் தெரிந்திருக்கிறது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ‘யாரும் சொல்லவில்லை’ தானாக வருவதில்லை. சரி, இனி உங்கள் வேலை.

கையெழுத்துப் போடும் முன்

சம்பளம், வெளிநாட்டு வீரர்கள், கிரவுண்டு என்று பேசும் அதே மேசையில் இன்னும் சில கேள்விகள் கேளுங்கள். நடத்தை விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா? வீரர் புகார் சொல்ல உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்? ஒழுங்கு காரணமாக ஒரு நட்சத்திர வீரரை உட்கார வைத்தால் உரிமையாளர் உங்கள் பக்கம் நிற்பாரா? கடைசிக் கேள்விக்கு ‘பார்த்துக்கலாம் கோச்’ என்று பதில் வந்தால், ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு, எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தில் ஸ்டேடியமும் விளையாட்டு நிறுவனமும் பணியிடக் கணக்கில் வருகின்றன. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். பெண்கள் அணிக்குப் போகிறவர்கள் அந்தக் குழு உறுப்பினர்களின் பெயர்களை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஆண்கள் அணியிலும் பெண் பிசியோ, மீடியா ஆட்கள் இருப்பார்கள். ஆண் வீரர் பாதிக்கப்பட்டால் இந்தச் சட்டம் உதவாது.

அணியில் 18 நிரம்பாத பையன் ஒருவன் இருந்தாலும், சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சீனியர் அணியோடு பயிற்சி செய்யும் 16, 17 வயதுப் பையன்கள் இப்போது சகஜம். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே அச்சட்டத்தின்படி குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று ஒரு பையனின் ஷார்ட்ஸை இழுத்துவிட்டு போனில் படம் எடுப்பது இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடும் என்பது பல டிரெஸ்ஸிங் ரூம்களுக்கு உறைப்பதே இல்லை.

மூன்றாவது, 1989-ன் எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பலர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இதில் குற்றம். மிசோரம், மணிப்பூரிலிருந்து வரும் வீரர்கள் பலர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள். நம் பக்கத்தில் நேரடியாகச் சாதி சொல்ல மாட்டார்கள், ஏரியா பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். அது எதைக் குறிக்கிறது என்பது திட்டுபவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ராகிங் தடைச் சட்டங்கள் கல்லூரிக்கும் பள்ளிக்கும்தான். கிளப்புக்கு அவை வராது. ஆக, சட்டம் தொடாத பெரும்பகுதி கிளப் விதியின் கையிலும் உங்கள் கையிலும்தான் இருக்கிறது. விதி இல்லாத கிளப் என்றால் நீங்களே உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கு ஃபிஃபா 2019-ல் ‘ஃபிஃபா கார்டியன்ஸ்’ என்ற கையேட்டை வெளியிட்டது; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து எடுத்தே பாதி எழுதிவிடலாம்.

அடுத்து உங்கள் வாய்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. நம் ஊரில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான் கோச் ஆகிறார்கள். ‘என் கோச் என்னை அடிச்சுதான் ஆளாக்கினார்’ என்பதைப் பெருமையாகச் சொல்கிற தலைமுறை இன்னும் கிரவுண்டில் இருக்கிறது. அடி வாங்கியும் ஆளானவர்கள் மட்டும்தான் இப்போது கதை சொல்ல மிச்சம் இருக்கிறார்கள், பாதியில் நின்றுபோனவர்கள் இங்கே இல்லை.

2003-ல் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் உதைத்த பூட் அவருடைய வீரர் பெக்காமின் புருவத்தில் பட்ட சம்பவத்தை ‘அப்படித்தான் இருக்கணும்’ என்று சொல்பவர்கள், பெக்காம் அந்தக் கோடையிலேயே ரியல் மாட்ரிட் போய்விட்டதை ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை. உங்களிடம் ஃபெர்குசனின் கோப்பைகளும் இல்லை என்பது தனி விஷயம்.

இங்கிலாந்தில் கிராலி டவுன் மேலாளர் ஜான் யெம்ஸ் தன் வீரர்களையே இன, மத ரீதியாகப் பேசினார் என்று நிரூபணமானது. 2023 ஜனவரியில் விசாரணைக் குழு முதலில் சுமார் ஒன்றரை ஆண்டு தடை விதித்தது, அவர் வேண்டுமென்றே இனவெறியோடு செய்யவில்லை என்ற கருத்தோடு. இங்கிலாந்தின் ஃபுட்பால் அசோசியேஷன் மேல்முறையீடு செய்தது, தடை மூன்று ஆண்டாக உயர்ந்தது. ‘உள்நோக்கம் இல்லை, சும்மா தமாஷ்’ என்ற வாதம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இது அளவு. நியூகாசிலின் இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் பியர்ட்ஸ்லிக்கும் இதே ரகப் பேச்சுக்காக 2019-ல் 32 வாரத் தடை கிடைத்தது. பெரிய ஆட்டக்காரர் என்பது காப்பாற்றவில்லை.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. ‘அந்த ரன்னை ஏன் விட்டே?’ என்று எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் அது கோச்சிங். அவன் முகம், நிறம், உயரம், இங்கிலீஷ், அப்பா வேலை, ஏரியா என்று எதைத் தொட்டாலும் அது வேறு. நீங்கள் ஒருவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தால் மறுநாள் மொத்த அணியும் அதைச் சொல்லித்தான் கூப்பிடும். அதை நிறுத்தும் அதிகாரம் அதற்குப் பிறகு உங்களிடம் இருக்காது.

ஒதுக்கி வைப்பதும் இதில்தான் சேரும். பிடிக்காத வீரரைத் தனியாக ஓட விடுவது, டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வர வேண்டாம் என்பது, ஒப்பந்தத்தை அவரே முறித்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருப்பது. இதைச் செய்யச் சொல்வது பெரும்பாலும் மேலிடம், செய்வது கோச். 2018-ல் ஃபிஃபா தன் வீரர் இடமாற்ற விதிகளைத் திருத்தி, எதிர்த் தரப்பை ஒப்பந்தத்திலிருந்து விலகவோ விதிமுறையை மாற்றவோ கட்டாயப்படுத்தும் கொடுமையான நடத்தையே ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் என்று சேர்த்தது. ஆடும் பதினொரு பேரில் ஒருவராக எடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை. பயிற்சியே தராமல் துரத்துவது உங்கள் உரிமையில் வராது.

முதல் மீட்டிங்

நீளமாகப் பேச வேண்டாம். விதிகளை வாசித்து, எல்லோருக்கும் புரியும் மொழிகளில் ஒரு தாளாகக் கையில் கொடுங்கள். பெங்களூர் அணி என்றால் கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலம், மிசோ என்று ஐந்தாறு மொழி ஓடும். வடகிழக்குப் பையன்களில் பலருக்கு இந்தி சரளம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாட்டுப் பாடுவது, நாற்காலி மேல் ஏறி ஆடுவது போன்ற புதுமுக வரவேற்பு உலகம் முழுக்க இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீங்களும் அதே நாளில் ஏறிப் பாடுங்கள். துணியைக் கழற்றுவது, குடிக்க வைப்பது, அடிப்பது, வீடியோ எடுப்பது எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாட்டேன் என்று சொன்னவனைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

கலாய்ப்பது எது, வதைப்பது எது என்று ஒரு வீரர் கேட்டால் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். அவன் உன்னைத் திருப்பிக் கலாய்க்க முடியுமா? போதும் என்றால் நிறுத்துகிறாயா? தினமும் அதே ஆளைத்தானா? பதிலைக் கேட்டதும் அவருக்கே தெரிந்துவிடும்.

இந்த ஊர்த் தமிழ்க் கோச்சுக்கு மட்டும் ஒரு விஷயம்

நீங்கள் ஆஸ்டின் டவுன்காரர், கேப்டன் உங்கள் தெருக்காரர், சின்ன வயதிலிருந்தே உங்களை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறவர். அணியின் உடை, உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் கிட்மேனும் தமிழ். பயிற்சி முடிந்து நீங்கள் மூவரும் நின்று தமிழில் சிரித்துக்கொண்டிருப்பதை மிசோரமின் ஐசாலிலிருந்து வந்த பையன் தூரத்திலிருந்து பார்க்கிறான். கேப்டன் அவன் கண்ணைப் பற்றி ஏதோ பேர் வைத்துக் கூப்பிடுகிறார் என்றால், அதை உங்களிடம் வந்து சொல்வானா? நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இதை நாம் அறியாதவர்கள் இல்லை. கன்னட அணிகளில் தமிழர்களை இழிவாக அழைக்கும் ‘கொங்கா’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நம் பையன்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். 2012 ஆகஸ்டில் தாக்கப்படுவார்கள் என்று வதந்தி பரவி, இந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் குவஹாத்தி ரயில்களில் கிளம்பிப் போனார்கள். மகனை இங்கே அனுப்பும் பெற்றோர் அதை இன்னும் மறக்கவில்லை. கோச்சாக நீங்கள் அவர்களிடம் ஒரு போன் போட்டுப் பேசுவது பெரிய வேலை இல்லை.

செய்ய வேண்டியது எளிது. கிரவுண்டில், பஸ்ஸில், டக்அவுட்டில் அணியின் பொது மொழியில் மட்டும் பேசுங்கள். தமிழ் வீரருக்குத் தமிழில் விளக்க வேண்டுமானால் விளக்குங்கள், ஆனால் ஜோக்கைத் தமிழில் அடிக்காதீர்கள். ‘அண்ணா’வைக் கிரவுண்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் ‘கோச்’ ஆகவே இருங்கள். உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவராவது வேறு ஊர், வேறு மொழிக்காரராக இருக்கட்டும்.

கிரவுண்டைத் தாண்டிப் பாருங்கள்

டார்ச்சர் பெரும்பாலும் உங்கள் கண் முன்னால் நடக்காது. கிளப் வாடகைக்கு எடுத்த பிளேயர்ஸ் ஃபிளாட்டில் நடக்கும். அங்கே யாருக்கு எந்தக் கட்டில், யார் தரையில், ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டா வாங்க யார் போகிறான், யாருடைய துணியை யார் துவைக்கிறான், யாருடைய போன் சார்ஜர் எப்போதும் ‘காணாமல்’ போகிறது என்று பாருங்கள். அறை ஒதுக்கீட்டைச் சீனியர்களிடம் விடாமல் கிளப் செய்யட்டும், சில வாரத்துக்கு ஒரு முறை மாற்றட்டும். 18 நிரம்பாதவர்களைப் பெரியவர்களோடு ஒரே அறையில் போடாதீர்கள், வெளியூர் மேட்சுக்குப் போகும்போதும்.

அடுத்தது வாட்ஸ்அப். அதிகாரபூர்வக் குரூப்பில் நீங்கள் இருப்பீர்கள்; நீங்கள் இல்லாத இன்னொரு குரூப் இருக்கும். அதற்குள் நுழையப் பார்க்க வேண்டாம், அது அவர்களுக்கு வேண்டும். எந்த வீரர் மட்டும் அந்தக் குரூப்பில் இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

அபராத நோட்டு உங்கள் அணியிலும் இருக்கலாம். லேட்டாக வந்தால் ஐம்பது, பிப் (பயிற்சியில் மேலே போடும் கலர் மேல்சட்டை) மறந்தால் நூறு என்று சீனியர்கள் வசூலித்து சீசன் முடிவில் பிரியாணி போடுவார்கள். மியாமியை நினைத்துக்கொண்டு, அதை மாதம் ஒரு முறை வாங்கிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? அதிகச் சம்பளக்காரருக்கும் ட்ரையலில் வந்தவனுக்கும் ஒரே தொகையா? காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது?

பயிற்சியிலேயே தெரிவதும் உண்டு. ராண்டோவில், அதாவது வட்டமாக நின்று பாஸ் செய்பவர்களிடமிருந்து நடுவில் நிற்பவன் பந்தைப் பிடுங்க வேண்டிய பயிற்சியில், சின்னவனை முதலில் நடுவில் விடுவது வழக்கம்தான். பந்தை இழந்தவன் யாராக இருந்தாலும் அதே சின்னவனே நடுவில் நின்றால் அது வழக்கம் இல்லை. வீடியோவைப் போட்டு யார் யாருக்கு பாஸ் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். காலியாக நிற்கும் ஒருவனுக்குத் தொடர்ந்து பந்து போகவில்லை என்றால், தந்திரப் பிழை என்று அனலிஸ்ட் சொன்னாலும் நீங்கள் இன்னொரு காரணத்தையும் யோசியுங்கள். திடீரென்று வயிற்றுவலி, தசைப்பிடிப்பு என்று திங்கட்கிழமை தோறும் பிசியோவிடம் போகிறவனையும் கவனியுங்கள்.

பிசியோ, கிட்மேன், சமையல்காரர், பஸ் டிரைவர் இவர்களுக்கு எல்லாம் தெரியும். பதினொன்றைத் தேர்வு செய்பவர் நீங்கள், அதனால் உங்களிடம் பேச வீரருக்குப் பயம் இருக்கும். இவர்களிடம் அந்தப் பயம் இல்லை. ‘பார்த்தால் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது’ என்று சொல்லிவைப்பதோடு நில்லாமல், கிளப் நிர்வாகத்தில் உங்களுக்குக் கீழே இல்லாத ஒருவரின் போன் எண்ணையும் டிரெஸ்ஸிங் ரூம் கதவில் ஒட்டுங்கள். உங்கள் மேலேயே புகார் சொல்ல வேண்டியிருந்தால் அவன் எங்கே போவான்? வீரர்கள் சங்கமான ஃபுட்பால் ப்ளேயர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, சிறுவர்களுக்கான 1098, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும். இப்படி ஒட்டினால் அணியைப் பற்றித் தவறாக நினைப்பார்கள் என்று மேனேஜர் சொல்வார். ஒட்டிவிடுங்கள்.

புகார் வந்த அன்று

ஒரு பையன் பயிற்சிக்குப் பின் ‘கோச், ரெண்டு நிமிஷம்’ என்று நிற்கிறான். இந்த நேரத்தில் செய்யக் கூடாதவைதான் அதிகம்.

‘இதெல்லாம் ஃபுட்பால்ல சகஜம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நீ ஏன் அப்பவே சொல்லலை?’ என்று கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்ல வேண்டியிருக்கும். யாருக்கெல்லாம் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பேரையும் கூப்பிட்டு நேருக்கு நேர் நிற்க வைத்துக் கை குலுக்கச் சொல்லாதீர்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம் இது. பெரியவர் முன்னால் கை குலுக்கிவிட்டு ஃபிளாட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று பையனுக்குத் தெரியும், அதனால்தான் அவன் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை.

கேளுங்கள். அவன் சொன்ன வார்த்தைகளிலேயே அன்றைக்கே எழுதிவையுங்கள், தேதியோடு. மெசேஜ், வீடியோ இருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றிரவு அவன் எங்கே தூங்குவான் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அறை மாற வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். புகார் சொன்னவனைப் பெட்டி தூக்க வைத்தால் தண்டனை அவனுக்குத்தான் என்று மொத்த ஃபிளாட்டும் படித்துக்கொள்ளும்.

அடி, பாலியல் சம்பந்தமான எதுவும், சாதி வசை, அல்லது பையன் 18-க்குக் கீழ் என்றால் அன்றே கிளப் நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். போக்சோவில் வருவது என்றால் போலீசுக்கும் போக வேண்டும். ‘உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் அதற்குள் உங்கள் பெயரைச் சேர்க்க விடாதீர்கள்.

விசாரணையும் சனிக்கிழமை மேட்சும்

விசாரிப்பது நீங்கள் இல்லை. சாட்சி சொல்ல வருபவன் அடுத்த வாரம் உங்கள் பதினொன்றில் இடம் எதிர்பார்ப்பவன். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். நிர்வாகம் நியமிக்கும் வெளியாள் ஒருவர் செய்யட்டும். எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை இரு தரப்புக்கும் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரையும் முழுதாகக் கேட்க வேண்டும், அவருக்கும் துணைக்கு ஒருவரை அழைத்துவரும் உரிமை வேண்டும். பொய்ப் புகாரும் வரும், குறைவாக.

இப்போதுதான் நிஜச் சோதனை. குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் முதல் ஸ்ட்ரைக்கர். சனிக்கிழமை அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் முக்கியமான மேட்ச். ஆட விடுவதா? என் கணக்கு இதுதான்: அடிதடி, பாலியல், சிறுவர், சாதி அல்லது இன வசை இவற்றில் ஒன்று மேலோட்டமாகவாவது நம்பும்படி இருந்தால், விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு வெளியே இருக்கட்டும், தண்டனை என்று அறிவிக்காமல். மற்றதற்கு அறையை மாற்றிவிட்டு ஆட விடலாம். ஆனால் அந்த வாரம் அவர் கேப்டன் பட்டையைக் கட்டக் கூடாது. கோல் போட்டுவிட்டால் விசாரணை மெதுவாகும் என்பதை எல்லா அணியிலும் பார்க்கலாம். அதனால்தான் தேதியை முன்பே சொல்லச் சொன்னேன்.

முடிவு வந்ததும் அணிக்குச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவனின் பெயரும் விவரமும் வேண்டாம், என்ன விதி மீறப்பட்டது, என்ன நடவடிக்கை என்பது போதும். எதுவும் சொல்லாமல் விட்டால் ஃபிளாட்டில் வேறு கதை ஓடும், அதில் வில்லன் புகார் சொன்னவனாகத்தான் இருப்பான்.

அப்புறம் வரும் வாரங்கள்

பழிவாங்கல் வாயால் வராது. பயிற்சியில் பந்து போன பிறகு வந்து விழும் டேக்கிளாக வரும். சாப்பாட்டு மேசையில் காலி நாற்காலிகளாக வரும். மார்ட்டின் கதையில் பார்த்தோமே, யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து போனார்கள். ஆகவே நீங்களும் உதவிப் பயிற்சியாளர்களும் அணியோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், தனி மேசை வேண்டாம். அவனை மேட்சுக்கு எடுப்பதானால் ஆட்டத்துக்காக எடுங்கள், பரிதாபத்துக்காக எடுத்தால் அதுவே அடுத்த கிண்டலுக்குக் காரணமாகும். எடுக்கவில்லை என்றால் காரணத்தை அவனிடம் தனியாக, ஆட்டத்தை வைத்து மட்டும் விளக்குங்கள்.

தண்டனை முடிந்து வரும் சீனியரையும் விட்டுவிட முடியாது. அவர்களில் பலர் ஜூனியராக இருந்தபோது இதையே வாங்கியவர்கள். அவர் தயார் என்றால் ஆலோசகரிடம் அனுப்புங்கள், செலவைக் கிளப் ஏற்கட்டும். மறுபடி நடந்தால் என்ன என்பதை அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிவையுங்கள்.

ஒருவர் கிளப்பை விட்டுப் போகும்போது

அமெரிக்கப் பெண்கள் ஃபுட்பால் லீக்கில் (இது நம் ஃபுட்பால்தான்) பால் ரைலி என்ற கோச் மீது 2015-லேயே போர்ட்லாண்ட் கிளப்பில் பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தது. அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, ஆனால் ஏன் என்று வெளியில் சொல்லவில்லை, நன்றி சொல்லி வழியனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அதே லீக்கில் வேறு அணிக்குக் கோச் ஆனார். வீராங்கனைகள் வெளிப்படையாகப் பேசிய பிறகு 2021 செப்டம்பரில்தான் வேலை போனது. 2022-ல் வந்த வழக்கறிஞர் சாலி யேட்ஸின் விசாரணை அறிக்கை லீக் முழுக்க இருந்த கொடுமையைப் பட்டியலிட்டது, 2023 ஜனவரியில் ரைலி உட்பட நான்கு கோச்சுகளுக்கு லீக் வாழ்நாள் தடை விதித்தது.

பெங்களூரில் கிளப்புக்குக் கிளப் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்களிடம் இருந்து நீக்கப்பட்ட உதவிப் பயிற்சியாளரைப் பற்றி அடுத்த கிளப் போன் போட்டுக் கேட்டால் ‘நல்ல பையன், எங்களுக்குத்தான் செட் ஆகலை’ என்று சொல்வது நம் வழக்கம். நிரூபணமான விஷயம் என்றால் அதை எழுத்தில் என்ன சொல்லலாம் என்று கிளப் வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவைத்து, அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் ஆள் எடுக்கும்போதும் அதேபோல முந்தைய கிளப்பின் கோச்சிடம் மட்டும் நிறுத்தாமல், அங்கே அவருக்குக் கீழ் ஆடிய இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள்.

நீங்களே போகும் நாளும் வரும், இந்த வேலையில் அது சீக்கிரமே வரும். நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளை உங்கள் போனிலேயே கொண்டுபோய்விடாமல், புகார் சம்பந்தமானதை நிர்வாகத்தில் பொறுப்பானவரிடம் ரசீது வாங்கி ஒப்படையுங்கள். விசாரணை ஏதாவது பாதியில் இருந்தால், அந்தப் பையனிடம் இனி யாரைக் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.